சேர்வராயன் மலைப் பாறைக்கு 250 கோடி வயது என்றால் நம் நூல்கள் சொல்வதை என்ன செய்வது?

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கும் கேள்வி இது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் பள்ளியோடு ஏற்காடு போயிருக்கிறாள். மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி, வெட்டிவிட்ட பாறையைக் காட்டி, "இதற்கு வயது 250 கோடி ஆண்டு" என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். வீட்டில் வந்து சொன்னதும் ஆளுக்கொரு பதில். "சேர்வராயன் சாமி குடியிருக்கிற மலைக்கு வயசு பார்க்க இவங்க யாரு?" என்றாராம் அப்பத்தா. மாமா, "இதெல்லாம் நம்ம ஆளுங்க எப்பவோ சொல்லியாச்சு" என்று வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு செய்திகளைக் காட்டினார். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்பது ஒன்று. திருவாசகத்தில் பெருவெடிப்பு இருக்கிறது என்பது இன்னொன்று. கூட வந்த தோழியின் வீட்டிலோ, ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்பதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறார்கள். "இதையெல்லாம் ஒத்துப்போக வைக்க வழி இருக்கிறதா, இல்லை ஏதாவது ஒன்றை விட்டுவிடு என்று மகளிடம் சொல்லிவிட வேண்டுமா?" என்று கேட்கிறார்.

நான் கல்லூரியில் நிலவியல் கற்பித்தவன். காலையில் திருவாசகம் ஓதாமல் வேலை தொடங்காதவன். இரண்டும் எனக்கு வேண்டும் என்பதால் இந்தக் கேள்வியோடு பல காலம் வாழ்ந்திருக்கிறேன். பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் சாமியை விட வேண்டியதில்லை. சாமியின் பேரில் சொல்லப்படும் சில கணக்குகளை விடத்தான் வேண்டும். அப்படி விடலாம் என்று நம் பழைய உரையாசிரியர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அப்பத்தாவைவிட மாமாவின் பேச்சில்தான் ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாறை. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் இருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, பாதைக்காக வெட்டிய இடங்களில் பெரும்பாலும் தெரிவது சார்னோகைட். வெயிலும் மழையும் பட்ட மேல்புறம் பழுப்பாக இருக்கும். சுத்தியலால் தட்டிப் புதிதாக உடைந்த முகத்தைப் பார்த்தால் கருநீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய்ப் பளபளப்பு. கொல்கத்தாவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் இந்தப் பெயரை வைத்தார். அந்தக் கல்லே சென்னைப் பக்கத்தில் இருந்து போனதுதான்.

இதன் வயது எப்படித் தெரிந்தது? பாறையைப் பொடித்து, சலித்து, கனமான திரவத்தில் போட்டால் சிர்கான் என்ற கனிமத்தின் மணிகள் அடியில் தங்கும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் கால்வாசிகூட இருக்காது. சிர்கான் உருவாகும்போது தன் படிகத்துக்குள் யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்த ஈயம். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு ஆகும். யுரேனியம்-235 பாதியாக சுமார் 70 கோடி ஆண்டு. ஒரே மணிக்குள் வேறு வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். சொல்லவில்லை என்றால், இடையில் பாறை சூடாகி ஈயம் கசிந்திருக்கிறது என்று அதற்கும் காரணம் தேடுவார்கள். இப்படித்தான் இந்த வட்டாரப் பாறைகளுக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு என்று வந்தது. யாரோ ஒருவரின் அபிப்பிராயம் அல்ல. உங்கள் மகள் நாளைக்குப் படித்து ஆய்வுக்கூடத்துக்குப் போனால் தன் கையாலேயே அளந்து பார்க்கலாம்.

வயதைவிட எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. இந்தப் பாறை பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்தது. அது இன்று மலையில் வெயில் காய்கிறது என்றால், அதன் தலைக்கு மேல் இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் தேய்ந்து போயிருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டு நிலத்தில் காலுக்கடியில் செம்மண்ணும் பாக்சைட்டும் கிடக்கிறதே, அது இந்தச் சார்னோகைட்டை மழை கழுவிக் கழுவி, கரையக்கூடியதையெல்லாம் கொண்டுபோய், அலுமினியத்தையும் இரும்பையும் விட்டுவைத்த மிச்சம்.

சரி, இப்போது மாமாவின் முதல் செய்தி. நான்கு யுகம் சேர்ந்தால் 43,20,000 ஆண்டு. அதுபோல் ஆயிரம் முறை, அதாவது 432 கோடி ஆண்டு, பிரம்மாவுக்கு ஒரு பகல், அதுதான் கல்பம். பூமியின் வயது 454 கோடி ஆண்டு என்கிறது அறிவியல். கிட்டத்தட்ட ஒன்றுதானே, பார்த்தீர்களா என்கிறது அந்தச் செய்தி.

இதை அப்படியே விட்டுவிடக் கூடாது, கணக்கை முடித்துப் பார்க்க வேண்டும். 432 கோடி என்பது பகலின் முழு நீளம். அந்தப் பகலில் இப்போது மணி என்ன என்பதையும் நூல்களே சொல்கின்றன. கோயிலில் அர்ச்சனைக்குச் சங்கல்பம் செய்யும்போது குருக்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்: சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது கலியுகம், அதில் முதல் பாதம். ஒரு கல்பத்துக்குள் பதினான்கு மன்வந்தரம்; அதில் ஆறு முடிந்து ஏழாவது நடக்கிறது என்று பொருள். கூட்டிப் பார்த்தால் இந்தக் கல்பம் தொடங்கி சுமார் 197 கோடி ஆண்டுதான் ஆகிறது. ஆனால் ஏற்காட்டுப் பாதையில் உங்கள் மகள் தொட்டுப் பார்த்த பாறைக்கு 250 கோடி. கல்பம் விடிவதற்கு 50 கோடி ஆண்டு முன்பே அந்தப் பாறை இருந்திருக்கிறது!

ஆக, 432ஐயும் 454ஐயும் அருகருகே வைத்துப் பெருமைப்பட்டால், 197ஐயும் 250ஐயும் அருகருகே வைத்துத் தலைகுனியவும் வேண்டும். இரண்டுக்கும் அவசியமே இல்லை. சங்கல்பம் பாறைக்கு வயது சொல்ல வரவில்லை. எண்ணிப் பார்க்கவே முடியாத நீளமான காலத்துக்குள், இந்த ஊரில், இந்த நட்சத்திரத்தில் பிறந்த இந்தச் சின்ன மனிதன் வேண்டிக்கொள்ள வந்து நிற்கிறான் என்று இடம் குறிக்கிறது. அந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது நவீனக்காரர்களின் சமாளிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. ஆதிசங்கரர் கீதை பதினெட்டாம் அத்தியாயத்தின் 66ஆம் சுலோகத்துக்கு எழுதிய உரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். நெருப்பு குளிர்ந்தது, ஒளி இல்லாதது என்று நூறு சுருதிகள், அதாவது வேத வாக்குகள், சொன்னாலும் அந்த விஷயத்தில் அவை பிரமாணம் (ஆதாரம்) ஆகமாட்டா என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. ஒருவேளை சுருதி அப்படிச் சொல்லியிருந்தால், அது வேறு ஏதோ ஒன்றைச் சொல்ல வருகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். வேதத்தை உயிராக மதித்தவர் எழுதிய வரி இது. கண்ணால் காணக்கூடியதைச் சொல்வது வேதத்தின் வேலை இல்லை. கண்ணுக்கு எட்டாததைச் சொல்வதுதான் அதன் வேலை என்பது அவர் கட்சி.

நம் சைவ சித்தாந்தத்திலும் அளவை மூன்று: காண்டல், கருதல், உரை. பார்த்து அறிவது, ஊகித்து அறிவது, பெரியோர் நூல் வழியே அறிவது. மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. பாறையின் வயது காண்டலும் கருதலும் ஆளும் இடம். அங்கே உரையைக் கொண்டுவந்து நிறுத்தி, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்பது உரைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இதே முடிவுக்கு வெகு தூரத்தில் இருந்தவர்களும் வந்திருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு உரை எழுதிய புனித அகஸ்டின், வானம், பூமி, விண்மீன்கள் பற்றி வேதத்தின் பேரில் தவறாகப் பேசாதீர்கள் என்று தம் மக்களையே எச்சரித்தார். கண்ணால் காணும் விஷயத்திலேயே நம் நூல் பிசகுகிறது என்று அந்நியர் நினைத்துவிட்டால், உயிர்த்தெழுதல் பற்றி அது சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்பது அவர் கவலை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவில் நீதிபதியாக இருந்த இஸ்லாமிய அறிஞர் இப்னு ருஷ்து, உண்மை உண்மைக்கு எதிராகாது என்றார். தீர நிரூபிக்கப்பட்ட ஒன்றோடு மறையின் மேலோட்டமான பொருள் முட்டினால், மறைக்கு உட்பொருள் காண வேண்டும் என்பது அவர் வழி.

இனி, நம் மண்ணில் இது நடைமுறையில் எப்படி நடந்தது என்று பார்க்க, கிரகணத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராகு விழுங்குவதால் கிரகணம் என்பது புராணம். கி.பி. 499இல் ஆரியபட்டர், சந்திரன் சூரியனை மறைப்பது சூரிய கிரகணம், பூமியின் நிழல் சந்திரனை மறைப்பது சந்திர கிரகணம் என்று நேரடியாக எழுதிவிட்டார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் வருகிறார். நிழல்தான் காரணம் என்பதை அவர் ஒத்துக்கொள்கிறார். அப்படியானால் கிரகணத்தன்று மக்கள் ராகுவுக்குச் செய்யும் தானமும் ஓமமும்? கிரகண வேளையில் ஓமத்தீயில் கொடுக்கப்படும் ஆகுதியில் உனக்குப் பங்கு உண்டு என்று பிரம்மா ராகுவுக்கு வரம் கொடுத்தார், அந்த நேரத்தில் ராகு அங்கே வந்திருக்கிறான், அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளக்கம் கொடுத்தார். ராகு கிரகணத்தை உண்டாக்கவில்லை, விருந்துக்கு வருகிறான்! கணக்கும் கெடவில்லை, சடங்கும் நிற்கவில்லை.

628இல் பிரம்மகுப்தர் வேறு வழியில் போனார். ராகு இல்லை என்று சொல்வது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதம் என்று ஆரியபட்டரையும் வராகமிகிரரையும் கண்டித்தார். ஆனால் அதே நூலில் கிரகணத்தைக் கணிக்கும்போது நிழலை வைத்துத்தான் கணித்தார். வேறு எப்படியும் கணிக்க முடியாது. நானூறு ஆண்டு கழித்து இதைப் படித்த அல்பிரூனி என்ற இஸ்லாமிய அறிஞர், இவ்வளவு பெரிய கணிதர் ஏன் தன் மனசாட்சிக்கு மாறாகப் பேச வேண்டும் என்று வருந்தி எழுதியிருக்கிறார். எனக்கும் அதே வருத்தம்தான். கையில் ஒரு கணக்கு, வாயில் வேறொரு பேச்சு என்று இருப்பது ஒத்துப்போவது ஆகாது. வராகமிகிரர் செய்தது நேர்மையான சமரசம். பிரம்மகுப்தர் செய்தது வெறும் பூச்சு.

இந்தச் சண்டை இன்றும் நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் இரண்டையும் நம் ஊர்க் கடைகளில் வாங்கலாம். வாக்கியம் என்பது பழைய மனப்பாட வாய்பாடு. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம். எழுத்துகளுக்குள்ளேயே எண்களை ஒளித்து வைத்திருப்பார்கள். அதன் திறமை சாதாரணமானதல்ல. 1825இல் பாண்டிச்சேரிப் பக்கத்துத் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாய்பாட்டை வைத்தே, எந்தப் புத்தகமும் இல்லாமல் அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்ற அதிகாரி அதை எழுதிவைத்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது, அவ்வளவுதான். ஆனால் வாய்பாடு பழையதாகப் பழையதாகப் பிசகு கூடிக்கொண்டே போகும். வானத்தைப் பார்த்துத் திருத்துவதுதான் திருக்கணிதம்.

அந்தத் திருத்தத்துக்காக நம் பக்கத்தில் பாடுபட்டவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர், 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சாதாரண மக்களுக்கும் பண்டிதர்களுக்கும் புரியும்படி நாட்டு மொழிகளில் சிறு நூல் எழுதினார். கண்ணால் காணும் வானத்தோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். சாஸ்திரத்தை ஒழிக்க வந்தவர் அல்ல அவர். விரதமும் திதியும் சரியான நாளில் வரவேண்டும் என்ற அக்கறையில்தான் தொலைநோக்கியைப் பஞ்சாங்கத்துக்குள் கொண்டுவந்தார். இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்றால் அவரைத்தான் சொல்வேன்.

இன்றைய நிலையைப் பாருங்கள். சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுகிறது, பக்தர்களும் அந்த நாளையே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கிரகணம் என்று வந்தால் வாக்கியப் பஞ்சாங்கம் அச்சிடுகிறவர்கள் பலரும் திருக்கணித நேரத்தையே போடுகிறார்கள். ஏன்? சனி ராசி மாறுவதை யாரும் அண்ணாந்து பார்த்துச் சரிபார்ப்பதில்லை. கிரகணத்தை ஊரே பார்க்கும். 2019 டிசம்பர் 26 காலையில் ஈரோடு, கரூர் பக்கம் வளைய கிரகணம் தெரிந்தபோது, சேலத்தில் முழு வளையம் இல்லை என்றாலும் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது; நேரம் தவறியிருந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கண்தான் பிரமாணம் என்பதை வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். கிரகணம் முடிந்து குளிப்பது, கோயில் நடை சாத்துவது, தர்ப்பை போடுவது எல்லாம் அவரவர் வழக்கம். யாருக்கும் கெடுதல் இல்லை. கர்ப்பிணியை இருட்டறையில் உட்காரவைத்து மணிக்கணக்கில் தண்ணீரும் சோறும் கொடுக்காமல் இருப்பது அப்படி அல்ல. கிரகணத்தால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சர்க்கரை இருக்கும் கர்ப்பிணி நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ஆபத்து என்பதற்கு நிறைய ஆதாரம் இருக்கிறது. சமரசம் பேசும் நானே இந்த இடத்தில் சமரசம் பேசமாட்டேன்.

மாமாவின் இரண்டாவது செய்திக்கு வருகிறேன். இது என் மனசுக்கு நெருக்கமான இடம். திருவாசகத்தில் திருவண்டப்பகுதி இப்படித் தொடங்குகிறது:

"அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்
அளப்பருந் தன்மை வளப்பெருங் காட்சி
ஒன்றனுக் கொன்று நின்றெழில் பகரின்
நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன"

வாட்ஸ்அப் செய்தி இங்கே நின்றுவிடும். உண்டை என்றால் உருண்டை, நூற்றொரு கோடி என்றால் விண்மீன் கூட்டங்கள், விரிந்தன என்றால் பிரபஞ்சம் விரிவடைகிறது என்று முடித்துவிடுவார்கள். ஆனால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. அடுத்த வரியையும் படியுங்கள்:

"இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச்
சிறிய வாகப் பெரியோன்"

வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் தூசுகள் மிதக்குமே, அந்தத் தூசு அளவுக்கு அத்தனை அண்டங்களும் சிறியதாகிவிடும்படி அவன் பெரியவன். எழுவாய் அண்டம் இல்லை, பெரியோன். மாணிக்கவாசகர் நூற்றொரு கோடி அண்டங்களை எழுப்பியதே, அவற்றை ஒரு கதிரின் தூசாக ஆக்கிக் காட்டத்தான். அந்த ஒரு அடியில்தான் நெஞ்சு நடுங்கும். செய்தியில் அந்த அடியை வெட்டிவிட்டு, முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கவிதையும் போயிற்று, பக்தியும் போயிற்று.

சிவபுராணத்துக்கும் இதே கதிதான். "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்பதில் டார்வின் இருக்கிறார் என்கிறார்கள். தொடர்ந்து படித்தால் பறவைக்குப் பின் பாம்பு வரும், பாம்புக்குப் பின் கல் வரும், கல்லுக்குப் பின் மனிதர், மனிதருக்குப் பின் பேய். இது பரிணாமத்தின் வரிசை இல்லை. எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன் என்று முடியும் ஒரு உயிரின் அலுப்பு. அந்த அலுப்பை உணராமல் டார்வினைத் தேடுகிறவர், சாப்பிட உட்கார்ந்து இலையை எண்ணுகிறவர்.

அப்பத்தாவைவிட மாமாவின் வழியில் ஆபத்து அதிகம் என்றேன். காரணம் இதுதான். அறிவியல் மாறிக்கொண்டே இருக்கும், மாறுவதுதான் அதன் பலம். மறைநூலை இன்றைய கோட்பாட்டோடு கட்டிவிட்டால், கோட்பாடு மாறும் நாளில் மறைநூலும் சேர்ந்து விழும். கற்பனைக்குச் சொல்லவில்லை, நடக்க இருந்தது. ஜார்ஜ் லெமைத்ர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவானவர். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் சமன்பாடுகளோடு காட்டியவர், 1931இல் எல்லாம் ஓர் ஆதி அணுவில் இருந்து தொடங்கியது என்று சொன்னவர். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்தக் கண்டுபிடிப்பு "ஒளி உண்டாகக்கடவது" என்ற படைப்பின் கணத்துக்குச் சாட்சி சொல்வதாகப் பேசிவிட்டார். குருவானவர் ஒருவருக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? லெமைத்ர் மகிழவில்லை, சங்கடப்பட்டார். தன் கோட்பாடு அறிவியலாகவே நிற்கட்டும், அதை விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது அவர் உறுதி. வத்திக்கானில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் மூலம் சொன்னார். அடுத்த ஆண்டு ரோமில் உலக வானியலாளர்கள் கூடியபோது போப் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை.

நல்லவேளை எடுக்கவில்லை. வானியலாளர் ஹப்பிள் அளந்த விரிவு வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுதான் வந்தது. நம் சேர்வராயன் பாறையைவிட இளையது! அதே ரோம் கூட்டத்தில்தான் வால்டர் பாடே என்ற வானியலாளர் எழுந்து, விண்மீன் கூட்டங்களின் தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று அறிவித்தார். வயதும் அதற்கேற்பக் கூடியது. இன்றைய கணக்கு 1,380 கோடி. நாளைக்கு இன்னும் துல்லியமாகும். இதில் எந்த எண்ணோடு வேதத்தைக் கட்டியிருக்க வேண்டும்?

மகளின் தோழி வீட்டைப் பற்றி நான் அதிகம் சொல்வது முறையாகாது. அவர்கள் சபை என்ன போதிக்கிறதோ அது அவர்கள் உரிமை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஆதியாகமத்தில் முதல் நாளிலேயே சாயங்காலமும் விடியற்காலமும் வருகின்றன, சூரியன் படைக்கப்படுவது நான்காம் நாள். சூரியன் இல்லாமல் நாள் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் ஒரிஜென் கேட்டார். தொலைநோக்கியோ சிர்கானோ வருவதற்கு முன்பே, விசுவாசத்துக்குள் இருந்து எழுந்த கேள்வி அது. கலிலேயோவை 1633இல் மண்டியிட வைத்த அதே திருச்சபை, அன்றைய இறையியலாளர்கள் மறையைப் படித்த விதத்தில் பிழை இருந்தது என்று 1992இல் வெளிப்படையாக ஒத்துக்கொண்டது.

கடைசியாக அப்பத்தா. சேர்வராயன் கோயிலில் சன்னதி குகைக்குள் இருக்கிறது. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்பது நம்பிக்கை. நிலவியல்காரனாகக் கேட்டால், சுண்ணாம்புப் பாறையைப் போலச் சார்னோகைட்டைத் தண்ணீர் கரைத்துப் பல மைல் குகை செய்யாது என்றுதான் சொல்வேன். இதில் மழுப்ப ஒன்றும் இல்லை. ஆனால் சேர்வராயன் மலைத்தொடரில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் வழியாக ஓடிக் காவிரியில்தான் சேர்கிறது. மலைத் தண்ணீர் காவிரிக்குப் போகிறது என்று முன்னோர் ஆறு பார்த்தே அறிந்திருப்பார்கள். அதற்காக அவர்களுக்கு நிலத்தடி நீரியல் தெரியும் என்று நான் கிளம்பமாட்டேன். கிளம்பினால் மாமா செய்ததையே செய்தவன் ஆவேன். மலையும் ஆறும் ஒரே குடும்பம் என்று உணர்ந்த மனிதர்கள் இரண்டு சாமியையும் ஒரே குகையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். எனக்கு அது போதும், நானும் அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் வருவேன்.

அப்பத்தாவின் கோபத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. அந்த உச்சியில் பாக்சைட் எப்படி உண்டானது, எத்தனை ஆழம், எத்தனை சதவீதம் அலுமினியம் என்று என் படிப்பு சொல்லிவிடும். இந்த மலையில் பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பியும் இருக்கிறார்கள். வெட்டலாமா, எதுவரைக்கும் வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்பதை எந்த அளவுகருவியும் சொல்லாது. ஆண்டுத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களில் இருந்து அங்கே வந்து கூடும் மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி மக்களிடம் கேட்டால் சொல்வார்கள். "சாமி குடியிருக்கிற மலை" என்று அப்பத்தா சொன்னதை வயதுக் கணக்குக்கு மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல், மலையைக் கண்டபடி தொடாதே என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டால், அவருக்கும் மகளின் ஆசிரியருக்கும் சண்டையே இல்லை.

மகளுக்கு என்ன சொல்லலாம் என்று கேட்டீர்கள். பாறையின் வயதைப் பற்றி வீட்டில் வாக்கெடுப்பு வேண்டாம். எப்படி அளந்தார்கள் என்பதைப் படித்து, மாமாவுக்கு அவளே விளக்கட்டும். மாமாவோடு உட்கார்ந்து திருவண்டப்பகுதியை "சிறிய வாகப் பெரியோன்" வரை அவளே ஓதிக் காட்டட்டும். அடுத்து சேலத்தில் தெரியும் சந்திர கிரகணத்தன்று இரண்டு பஞ்சாங்கத்தையும் வாங்கிவைத்து, மொட்டை மாடியில் இருந்து நிழல் தொடும் நேரத்தையும் விடும் நேரத்தையும் அவள் குறிக்கட்டும். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம், ஒரு கெடுதலும் இல்லை. சூரிய கிரகணம் என்றால் அதற்கான கண்ணாடி கட்டாயம். முடிந்ததும் அப்பத்தா தலைக்குக் குளிக்கச் சொன்னால் குளித்துவிடட்டும்.